க்ராஷ் ரிப்போர்ட்டுக்கு எதையெல்லாம் திரட்டுவது, எந்த வரிசையில்

கேள்வியின் சாரம் இது: லினக்ஸில் ஒரு படத்திருத்த நிரல், பெரிய படம் ஒன்றைத் திறந்ததும் பட்டென்று மூடிக்கொள்கிறது. டெர்மினலில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட், கோர் டம்ப்டு’ என்று ஒரே ஒரு வரி. அதை அனுப்பினால், பேக்ட்ரேஸ் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டெவலப்பர். கோர் டம்ப்டு என்று வந்தும் கோர் ஃபைலைக் காணோம். விண்டோஸிலும் அதே நிரல் விழுகிறது. அங்கே என்ன எடுப்பது?

டெவலப்பர் கேட்பது நியாயமானதுதான். நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டது என்பதைத் தவிர அந்த வரியில் வேறு செய்தி இல்லை. எந்த ஃபங்ஷன், யார் அழைத்தார்கள், என்ன மதிப்போடு அழைத்தார்கள் என்பதெல்லாம் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் இருக்கிறது. அதைப் படிப்படியாக அச்சிட்டால் அதுதான் பேக்ட்ரேஸ்; ஒவ்வொரு படியும் ஒரு ஃப்ரேம். ஸ்டாக்கில் இருப்பவை வெறும் முகவரிகள். அவற்றை ஃபங்ஷன் பெயராகவும் வரி எண்ணாகவும் மாற்றுவது டீபக் சிம்பல். அந்தச் சிம்பல், விழுந்த பைனரியோடு, அதாவது கம்பைல் ஆன நிரல் ஃபைலோடு, பில்ட் முதற்கொண்டு ஒத்துப்போக வேண்டும். ஸ்டாக், சிம்பல், ஒத்த பில்ட் என்ற இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அறிக்கை நிற்காது.

ஆகவே முதல் எச்சரிக்கை: தடயத்தை எடுக்கும்வரை எதையும் அப்டேட் செய்யாதீர்கள், அழித்துவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். பெரும்பாலான அறிக்கைகள் கெட்டுப்போவது இங்கேதான். கோர் ஃபைல் என்பது விழுந்த நொடியில் ப்ராசஸின் நினைவகத்தில் இருந்தவற்றின் நகல். ஆனால் லினக்ஸ் இயல்பாக நிரலின் கட்டளைகள் அடங்கிய ‘கோடு’ பகுதியை அதில் எழுதுவதில்லை. அதுதான் வட்டில் இருக்கிறதே என்று விட்டுவிடும். பைனரியோ லைப்ரரியோ மாறிவிட்டால், கோரில் உள்ள முகவரிகள் சம்பந்தமே இல்லாத வரிகளைக் காட்டும். கோர் ஃபைலை மட்டும் அழுத்தி அனுப்பிவிட்டு ‘எல்லாம் கொடுத்துவிட்டேனே’ என்று காத்திருப்பது வீண் என்பதும் இதனால்தான். எதிர்முனையில் இருப்பவரிடம் அதே பைனரிகள் இருந்தால்தான் அது திறக்கும்.

எந்த பில்ட் என்பதை அறிய வழி உண்டு. ஒவ்வொரு பைனரிக்கும் லைப்ரரிக்கும் உள்ளே பில்ட் ஐடி என்று ஓர் எண் இருக்கும், வழக்கமாக 40 ஹெக்ஸ் இலக்கங்கள். அது இருக்கும் தலைப்புப் பகுதி கோரிலும் இயல்பாகவே வந்துவிடும். எல்ஃப்யூட்டில்ஸ் தொகுப்பிலுள்ள ‘ஈயூ-அன்ஸ்ட்ரிப்’ கமாண்டுக்கு கோர் ஃபைலைக் கொடுத்தால், அந்த ப்ராசஸ் ஏற்றியிருந்த எல்லா லைப்ரரிகளின் பில்ட் ஐடியையும் வரிசையாகத் தரும். அந்த வெளியீட்டை அறிக்கையோடு இணைத்துவிடுங்கள். ‘லேட்டஸ்ட் வெர்ஷன்’ என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. படிப்பவருக்கு எந்த நாளின் லேட்டஸ்ட் என்று தெரியாது.

கோர் எங்கே போனது?

/ப்ராக்/சிஸ்/கெர்னல்/கோர்_பேட்டர்ன் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். ஒரே வரிதான் இருக்கும். அது வெறும் ‘கோர்’ போன்ற பெயராக இருந்தால், நிரல் எந்தக் கோப்புறையில் ஓடிக்கொண்டிருந்ததோ அங்கே கோர் எழுதப்படும். அங்கும் இல்லையென்றால் பெரும்பாலும் அளவு வரம்பு 0 ஆக இருக்கிறது என்று பொருள். ‘யூலிமிட்’ கமாண்டை ‘-சி’ தெரிவோடு அன்லிமிடெட் ஆக்கிவிட்டு, அதே டெர்மினலிலிருந்து நிரலைத் தொடங்குங்கள். அதே டெர்மினல் என்பது முக்கியம். இந்த வரம்பு அந்த ஷெல்லுக்கும் அதிலிருந்து பிறக்கும் ப்ராசஸ்களுக்கும் மட்டுமே பொருந்தும். டெஸ்க்டாப் மெனுவில் ஐகானைத் தட்டித் திறந்தால் பொருந்தாது.

அந்த வரி பைப் குறியில் (|) தொடங்கினால், கெர்னல் கோரை ஃபைலாக எழுதாமல் வேறொரு நிரலின் கையில் கொடுக்கிறது. அந்த நிரல் அதை வைத்துக்கொண்டதா, தூக்கி எறிந்ததா என்பது ஷெல்லுக்குத் தெரியாது. கோர் டம்ப்டு என்று வந்தும் ஃபைலைக் காணாததற்கு இதுதான் காரணம். பைப்புக்குப் பின் சிஸ்டம்டி-கோர்டம்ப் என்று இருந்தால் ‘கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்’ கொடுங்கள். விழுந்தவை எல்லாம் நேரத்தோடும் ப்ராசஸ் எண்ணோடும் வரும். ‘ப்ரசன்ட்’ என்று காட்டினால் கோர் இருக்கிறது. ‘மிஸ்ஸிங்’ என்றால் காலாவதியாகி அழிக்கப்பட்டுவிட்டது. ‘ட்ரங்கேட்டட்’ என்றால் அளவு வரம்பில் வெட்டுப்பட்டது. அதில் பேக்ட்ரேஸ் வரலாம், பாதியில் நிற்கவும் செய்யலாம். ஃபைல்கள் /வார்/லிப்/சிஸ்டம்டி/கோர்டம்ப் என்ற இடத்தில் அழுத்தப்பட்ட வடிவில் கிடக்கும். அவை சில நாளிலோ வாரத்திலோ தானாக அழிந்துவிடும் என்பதால், ‘கோர்டம்ப்சிடிஎல் டம்ப்’ மூலம் வேறிடத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டுவில் பைப்புக்குப் பின் அபோர்ட் என்ற க்ராஷ் சேகரிப்பு நிரல் இருக்கும். அது /வார்/க்ராஷ் கோப்புறையில் ஓர் அறிக்கை ஃபைலை வைக்கும். ‘அபோர்ட்-அன்பேக்’ கொடுத்தால் உள்ளிருக்கும் கோர் வெளியே வரும். ஆனால் பேக்கேஜாக நிறுவாமல் நீங்களே கம்பைல் செய்த நிரலையும், எங்கிருந்தோ இறக்கிய பைனரியையும் அபோர்ட் இயல்பாகக் கண்டுகொள்ளாது. /வார்/லாக் கோப்புறையில் அதன் லாகைப் பார்த்தால் இது எந்தப் பேக்கேஜையும் சேர்ந்ததல்ல என்று ஒதுக்கியிருப்பது தெரியும்.

டாக்கர் போன்ற கன்டெய்னருக்குள் ஓடும் நிரல் என்றால் இன்னொரு சிக்கல்: கோர் பேட்டர்ன் மொத்தக் கெர்னலுக்கும் ஒன்றே. கன்டெய்னருக்குள் தனியாக அமைக்க முடியாது. பைப் வைத்திருந்தால் கோர் வெளியே உள்ள ஹோஸ்ட் கணினியில் தேங்கும், உள்ளே தேடிப் பயனில்லை. நிரல் 137 என்ற எண்ணோடு முடிந்திருந்தால் அது க்ராஷே இல்லை. 128-ஐக் கழித்தால் வருவது சிக்னல் எண் 9, அதாவது வெளியிலிருந்து கொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து கெர்னல் பலி கொடுத்திருக்கும். அதற்குக் கோரும் வராது. 139 என்றால் 11, செக்மென்டேஷன் ஃபால்ட். 134 என்றால் 6, நிரல் தானே அபார்ட் செய்துகொண்டது.

பேக்ட்ரேஸ் எடுப்பது

சிஸ்டம்டி இருக்கும் இடத்தில் ‘கோர்டம்ப்சிடிஎல் டீபக்’ என்று ப்ராசஸ் எண்ணைக் கொடுத்தால் ஜிடிபி என்ற டீபக்கர் நேரே திறக்கும். இல்லையென்றால் ஜிடிபிக்கு முதலில் பைனரியையும் அடுத்து கோரையும் கொடுங்கள். உள்ளே போனதும் முதல் வேலை ‘செட் பேஜினேஷன் ஆஃப்’. இதை மறந்தால் நீளமான வெளியீடு பக்கம் பக்கமாக நின்று நின்று வரும், பாதியைத்தான் நகலெடுப்பீர்கள். அடுத்து ‘செட் லாகிங் எனேபிள்டு ஆன்’ கொடுத்து எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்குத் திருப்புங்கள். பழைய ஜிடிபியில் ‘செட் லாகிங் ஆன்’. பிறகு ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி ஃபுல்’. ‘பிடி’ என்பது பேக்ட்ரேஸின் சுருக்கம்.

வெறும் ‘பிடி’ போதாது. நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகளில், விழுந்த த்ரெட்டை மட்டும் அது காட்டும். ஒரு த்ரெட் பயன்படுத்திக்கொண்டிருந்த நினைவகத்தை இன்னொரு த்ரெட் விடுவித்ததால் விழுந்திருந்தால், குற்றவாளி பக்கத்து ஸ்டாக்கில் இருப்பார். ‘ஃபுல்’ இருந்தால்தான் ஒவ்வொரு ஃப்ரேமிலும் உள்ளூர் மாறிகளின் மதிப்பு வரும்.

அதோடு இன்னும் மூன்று எடுத்தால் போதும். ‘இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்’, விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள சில அசெம்பிளி வரிகள், ‘இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி’. கடைசியாகச் சொன்னதில் எந்த லைப்ரரி எந்தப் பாதையிலிருந்து ஏறியது என்பது தெரியும். சிஸ்டம் லைப்ரரி ஏற வேண்டிய இடத்தில் வேறு ஏதோ நிரல் கொண்டுவந்த பழைய பிரதி ஏறியிருப்பது பல சமயம் இங்கேதான் மாட்டும்.

வெளியீட்டில் ஃபங்ஷன் பெயருக்குப் பதில் இரட்டைக் கேள்விக்குறிகளாக வந்தால் சிம்பல் இல்லை. அப்படியே அனுப்பாதீர்கள், அது யாருக்கும் உதவாது. இப்போதைய ஜிடிபி, டீபக்இன்ஃபோடி என்ற சர்வரிலிருந்து பில்ட் ஐடியை வைத்துச் சரியான சிம்பலைத் தானே இறக்கும். எல்ஃப்யூட்டில்ஸில் 2019-இல் வந்த வசதி இது, ஜிடிபி 10 முதல் உண்டு. தொடக்கத்தில் அனுமதி கேட்கும்போது ஒய் அடியுங்கள். கேட்காவிட்டால் டீபக்இன்ஃபோடி_யூஆர்எல்எஸ் என்ற சூழல் மாறியில் உங்கள் டிஸ்ட்ரோவின் சர்வர் முகவரியை வைக்க வேண்டும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் எல்லாவற்றுக்கும் சர்வர் உண்டு. பழைய முறைதான் வேண்டுமென்றால் டெபியன் வகையில் பெயர் ‘டிபிஜிசிம்’ என்று முடியும் பேக்கேஜ், ஃபெடோராவில் ‘டீபக்இன்ஃபோ-இன்ஸ்டால்’. ஃப்ளாட்பேக் என்ற தனிப் பொதியாக வரும் நிரலுக்கு இவை எதுவும் உதவாது. அதன் லைப்ரரிகள் வேறு, அதற்கென்று தனி டீபக் நீட்சி உண்டு. அதை நிறுவி ‘ஃப்ளாட்பேக்-கோர்டம்ப்சிடிஎல்’ மூலம் திறக்க வேண்டும்.

நிரலின் சிம்பலை மட்டும் போட்டுவிட்டு லைப்ரரிகளை விட்டுவிடுவது இன்னொரு பொதுத் தவறு. நடுவில் சிம்பல் இல்லாத நான்கு ஃப்ரேம் வந்தால், அதற்கு அடுத்து வரும் ஃப்ரேம்களை ஜிடிபி தவறாகப் பிரிக்கவும் வாய்ப்புண்டு. ‘கரப்ட் ஸ்டாக்?’ என்று கேட்டு நின்றுவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். உண்மையிலேயே ஸ்டாக் சிதைந்திருப்பது அதற்கு அடுத்த சாத்தியம்.

வந்ததைப் படிப்பது

நீங்கள் டெவலப்பராக இல்லாவிட்டாலும் கொஞ்சம் படிக்கத் தெரிந்தால் எதைச் சேர்த்து அனுப்புவது என்று புரியும். உங்களுடையது போன்ற ஒரு நிலைமைக்கு ஒரு மாதிரி:

#0 ரோ_எழுது (இலக்கு=0எக்ஸ்0, நீளம்=50000), டைல்.சி:218
#1 டைல்_நிரப்பு (டைல்=ஆப்டிமைஸ்டு அவுட்), டைல்.சி:97
    அகலம் = 50000
    உயரம் = 50000
    அளவு = -1794967296
#2 படம்_திற, திற.சி:340

விழுந்தது 0-ஆம் ஃப்ரேமில். இலக்கு என்ற பாயின்டர், அதாவது முகவரியைச் சுட்டும் மாறி, பூஜ்யம்; அதில் எழுதப் போனதால் விழுந்தது. ஆனால் 218-ஆம் வரியைத் திருத்தி எந்தப் பயனும் இல்லை. காரணம் அதன் கீழே இருக்கிறது. 50000-ஐ 50000-ஆல் பெருக்கினால் 250 கோடி. 32 பிட் முழு எண்ணில் அடங்குவது 2147483647 வரைதான். மீறியதும் எண் சுற்றிக்கொண்டு எதிர்மறையாகிவிட்டது. அந்த எதிர்மறை எண்ணை அளவாக வைத்து நினைவகம் கேட்டால் அது பிரம்மாண்டமான எண்ணாகப் படிக்கப்படும், கிடைக்காது, பூஜ்யம் திரும்பி வரும். அதைச் சோதிக்காமல் 0-ஆம் ஃப்ரேமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெறும் ‘பிடி’ மட்டும் எடுத்திருந்தால் அகலம், உயரம், அளவு மூன்றும் வந்திருக்காது, காரணமும் தெரிந்திருக்காது.

‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வருவது பிழை அல்ல. கம்பைலர் அந்த மதிப்பை அந்த இடத்தில் வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காக ஆப்டிமைசேஷனை முழுக்க அணைத்துக் கம்பைல் செய்து மறுபடி முயல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நினைவக அமைப்பும் நேரமும் மாறி, க்ராஷே காணாமல் போகலாம். டிஸ்ட்ரோ எந்த ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்ததோ அதையே வைத்துக்கொண்டு, டீபக் சிம்பலை உருவாக்கும் ‘-ஜி’ மட்டும் சேர்ப்பது என் தேர்வு.

மேல் ஃப்ரேம்கள் எல்லாம் சி லைப்ரரியின் அபார்ட், ரெய்ஸ், பித்ரெட்_கில் என்று இருந்தால் பதறி சி லைப்ரரிக்குப் பக் போடாதீர்கள். நிரல் தானே முடிவெடுத்து நின்றிருக்கிறது. நான்கைந்து ஃப்ரேம் கீழே போனால் நிரலின் சொந்த ஃபங்ஷன் வரும். அப்போது டெர்மினலில் விழுந்த அசெர்ட் செய்தி தங்கத்துக்குச் சமம், அதை எழுத்து மாறாமல் சேர்க்க வேண்டும். கணினியின் மொழி வேறாக இருந்தால் எல்சி_ஆல்=சி என்று வைத்து ஓட்டுங்கள்; டெவலப்பர் தேடிப் பிடிக்கக்கூடிய வடிவில் செய்தி வரும்.

கோரே இல்லாவிட்டால்

நடந்து முடிந்துவிட்டது, கோர் எழுதப்படவில்லை, மறுபடி விழவும் மாட்டேன் என்கிறது என்றால் கெர்னல் லாகில் ஒரு வரியாவது மிஞ்சியிருக்கும். ‘டிமெஸ்ஜி’ கொடுத்தோ ஜர்னலில் கெர்னல் பகுதியைப் பார்த்தோ எடுக்கலாம். எக்ஸ்86 கணினியில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: செக்ஃபால்ட் அட் 0, ஐபி 729154022137, எரர் 6, லிப்டைல் [729154001000+58000].

‘அட் 0’ என்பது தொட்ட முகவரி. பூஜ்யம் அல்லது 18, 40 போன்ற சின்ன எண் என்றால் பூஜ்ய பாயின்டர். சின்ன எண் அந்த ஸ்ட்ரக்சரில் உறுப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் காட்டும். எரர் எண் பிட்டுகளால் ஆனது. 4 என்றால் இல்லாத பக்கத்தைப் படிக்கப் போனது, 6 என்றால் எழுதப் போனது, 7 என்றால் பக்கம் இருக்கிறது ஆனால் எழுத அனுமதி இல்லை. 14 என்று வந்தால் நிரல் அந்த முகவரிக்கே கோடு ஓட்டப் போயிருக்கிறது. ஃபங்ஷன் பாயின்டர் சிதைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஐபி எண்ணிலிருந்து அடைப்புக்குள் உள்ள தொடக்க முகவரியைக் கழித்தால் 21137. எல்லாம் ஹெக்ஸ் கணக்கு. அந்தப் பகுதி லைப்ரரி ஃபைலுக்குள் எங்கே தொடங்குகிறது என்பதை ‘ரீட்எல்ஃப்’ சொல்லும். 1000 என்றால் கூட்டி 22137. இதைச் சிம்பலோடு கூடிய லைப்ரரியையும் சேர்த்து ‘ஏடிடிஆர்2லைன்’ கமாண்டுக்குக் கொடுத்தால் ஃபங்ஷனும் வரி எண்ணும் வந்துவிடும். பலர் இந்தக் கூட்டலை மறந்து தவறான வரியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். புதிய கெர்னல்கள் ஃபைலுக்குள் உள்ள இடத்தையும் சேர்த்தே அச்சிடுவதால் அங்கே இந்த வேலை இல்லை. கணக்குப் போட மனமில்லை என்றால் அந்த வரியையும், அதன் கீழே ‘கோடு’ என்று தொடங்கும் பைட் வரியையும், லைப்ரரியின் பில்ட் ஐடியையும் அப்படியே அனுப்பினால்கூடப் போதும்.

ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுந்தால்

இதுதான் கடினமானது. டெர்மினலில் ‘டபுள் ஃப்ரீ ஆர் கரப்ஷன்’, ‘ஃப்ரீ: இன்வேலிட் பாயின்டர்’ என்று வந்தாலோ, பேக்ட்ரேஸ் ஒவ்வொரு தடவையும் மால்லாக், ஃப்ரீ சுற்றியே இருந்தாலோ, ஹீப், அதாவது நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதி, சிதைந்திருக்கிறது. எல்லை தாண்டி எழுதியது எப்போதோ. அதில் கால் தடுக்கி விழுவது இப்போது. விழுந்த இடத்தின் பேக்ட்ரேஸை எத்தனை எடுத்தாலும் எழுதிய இடம் அதில் இருக்காது.

நிரலை நீங்களே கம்பைல் செய்ய முடிந்தால் அட்ரஸ் சானிடைசரோடு செய்யுங்கள். கம்பைலருக்கு ‘-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்’, அதோடு ‘-ஜி’, ஃப்ரேம் பாயின்டரை நீக்காதே என்ற தெரிவு. வேகம் ஏறக்குறைய பாதியாகும், நினைவகம் கூடுதலாகத் தின்னும். ஆனால் எல்லை தாண்டிய அந்தக் கணத்திலேயே நிறுத்தி, எங்கே எழுதியது, அந்த நினைவகம் எங்கே ஒதுக்கப்பட்டது, விடுவித்த பிறகு தொட்டிருந்தால் எங்கே விடுவிக்கப்பட்டது என்று எல்லா ஸ்டாக்கையும் கொடுத்துவிடும். அதற்கு மேல் டெவலப்பருக்கு எதுவும் தேவைப்படாது. கம்பைல் செய்ய வழியில்லை என்றால் வால்க்ரைண்ட் என்ற கருவி. இருக்கும் பைனரியையே அதன் கீழ் ஓட்டலாம். 10 முதல் 50 மடங்குவரை மெதுவாகும். பெரிய படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒத்துப்போகாது.

இந்த நிரல் மட்டுமல்ல, பிரவுசர், கம்பைலர், எல்லாமே ஒழுங்கில்லாமல் விழுகிறது என்றால் மென்பொருளை விடுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு இரவு ஓடட்டும். மேல் ஃப்ரேம்கள் கிராஃபிக்ஸ் டிரைவரின் லைப்ரரியில் இருந்தால் லிப்ஜிஎல்_ஆல்வேஸ்_சாஃப்ட்வேர்=1 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். விழவில்லை என்றால் டிரைவர் பக்கம் கை நீட்டலாம், அட்டையின் பெயரையும் டிரைவர் வெர்ஷனையும் சேர்த்து.

விழவில்லை, உறைந்துவிட்டது என்றால்

நிரலைக் கொல்லாதீர்கள். ‘ஜிடிபி -பி’ யோடு ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து இணைந்து அதே ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி’ எடுங்கள். பிறகு ‘டிடாச்’, ஐந்து பத்து விநாடி விட்டு மறுபடி, இன்னொரு முறை. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்து, த்ரெட்கள் பூட்டுக்காகக் காத்திருந்தால் டெட்லாக். மேல் ஃப்ரேம்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் முடிவில்லாச் சுழற்சி. ஒரே ஒரு பேக்ட்ரேஸை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இணைய அனுமதியில்லை என்று வந்தால் ஒரு ப்ராசஸ் இன்னொன்றை ஆராய்வதைத் தடுக்கும், உபுண்டு போன்றவற்றின் பிட்ரேஸ் கட்டுப்பாடுதான் காரணம், சூடோவோடு ஓட்டுங்கள். அவசரமாக மூட வேண்டியிருந்தால் ‘கில்’ கமாண்டில் அபார்ட் சிக்னலை அனுப்புங்கள். மூடும், கோரும் விழும்.

விண்டோஸில்

முதலில் ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாக், ஈவன்ட் எண் 1000. அங்கே விழுந்த மாட்யூல், ஆஃப்செட், எக்செப்ஷன் கோடு மூன்றும் இருக்கும். கோடைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சி0000005 என்றால் தவறான நினைவக அணுகல், லினக்ஸின் செக்மென்டேஷன் ஃபால்ட்டுக்கு உறவு. சி00000எஃப்டி என்றால் ஸ்டாக் நிரம்பி வழிந்தது, பெரும்பாலும் முடிவில்லாமல் தன்னையே அழைக்கும் ஃபங்ஷன். சி0000374 என்றால் ஹீப் சிதைவு, மேலே சொன்ன கதைதான். விண்டோஸ் டீபக் கருவியான ஜிஃப்ளாக்ஸில் முழு பேஜ் ஹீப்பை இயக்கி மறுபடி விழவைக்க வேண்டும். சி0000409 சற்று ஏமாற்றும். பெயரில் ஸ்டாக் பஃபர் ஓவர்ரன் என்று இருந்தாலும், நிரல் தானே அபார்ட் செய்துகொண்டாலும் இதே கோடுதான் வரும். துணை எண் 7 என்றால் அபார்ட், பாதுகாப்பு ஓட்டை என்று அலற வேண்டாம்.

அடுத்தது டம்ப், லினக்ஸின் கோருக்கு இணையானது. விண்டோஸ் இயல்பாக உங்களுக்கென்று டம்ப் எதையும் வைப்பதில்லை, சொல்லி வைக்க வேண்டும். அட்மின் உரிமையோடு ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷினின் கீழ் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் வரை போய் ‘லோக்கல்டம்ப்ஸ்’ என்று ஒரு கீ உருவாக்குங்கள். அதில் ‘டம்ப்டைப்’ என்ற டிவேர்டு மதிப்பு: 1 என்றால் மினி, 2 என்றால் முழு டம்ப். இடம் எதுவும் சொல்லாவிட்டால் பயனரின் லோக்கல் ஆப்டேட்டாவில் ‘க்ராஷ்டம்ப்ஸ்’ கோப்புறையில் வந்து விழும், 10 டம்ப்வரை வைத்துக்கொள்ளும். ஒரு நிரலுக்கு மட்டும் வேண்டுமென்றால் அதே கீயின் கீழ் எக்ஸ்இ ஃபைலின் பெயரில் ஓர் உள்கீ போதும். தன் க்ராஷைத் தானே பிடித்துக் கையாளும் நிரல்களுக்கு இது வேலை செய்யாது. அவற்றுக்கு சிஸ்இன்டர்னல்ஸின் ப்ராக்டம்ப் எடுத்து ‘-எம்ஏ -ஈ’ கொடுத்துக் காவலுக்கு நிறுத்துங்கள். உறைவதைப் பிடிக்க ‘-ஈ’ இடத்தில் ‘-ஹெச்’. டாஸ்க் மேனேஜரில் வலது கிளிக் செய்து எடுக்கும் டம்பும் சரிதான். ஆனால் 32 பிட் நிரலுக்கு 64 பிட் டாஸ்க் மேனேஜரில் எடுத்தால் படிக்கச் சிரமமான டம்ப் வரும். சிஸ்வாவ்64 கோப்புறையில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து எடுங்கள்.

டம்பை மைக்ரோசாஃப்டின் டீபக்கரான விண்டிபிஜியில் திறந்து ‘.சிம்ஃபிக்ஸ்’, ‘.ரீலோட்’, பிறகு ‘!அனலைஸ் -வி’, எல்லா த்ரெட்டுக்கும் ‘~*கே’. மைக்ரோசாஃப்ட் லைப்ரரிகளின் சிம்பல் சர்வரிலிருந்து தானே வரும். நிரலின் சிம்பல் அடங்கிய பிடிபி ஃபைல் டெவலப்பரிடம்தான் இருக்கும். அதனால் விண்டோஸில் நீங்களே அலசுவதைவிட டம்பையும் துல்லியமான வெர்ஷன் எண்ணையும் அனுப்புவதே மேல்.

மற்றவை சுருக்கமாக. மேக்கில் கன்சோல் நிரலைத் திறந்தால் க்ராஷ் அறிக்கைகள் தயாராகவே இருக்கும்; முழுதாக அனுப்புங்கள், கடைசியில் உள்ள பைனரி இமேஜ் பட்டியலை வெட்டாதீர்கள். சிம்பலைப் பொருத்தும் யூயூஐடி அதில்தான் இருக்கிறது. உறைந்தால் ‘சாம்பிள்’ கமாண்ட். ஆண்ட்ராய்டில் ‘ஏடிபி பக்ரிப்போர்ட்’ கொடுத்தால் டூம்ப்ஸ்டோன் என்ற க்ராஷ் பதிவு உட்பட எல்லாம் ஒரே ஜிப்பில் வரும். பைத்தானில் ‘-எக்ஸ் ஃபால்ட்ஹேண்ட்லர்’, ரஸ்ட்டில் ரஸ்ட்_பேக்ட்ரேஸ்=1, கோ மொழியில் கோட்ரேஸ்பேக்=க்ராஷ். ஜாவா விர்ச்சுவல் மெஷினே விழுந்தால் ஹெச்எஸ்_எர்ர் என்று தொடங்கும் லாக் ஃபைல். ஃபயர்ஃபாக்ஸ் விழுந்தால் முகவரிப் பட்டையில் ‘அபவுட்:க்ராஷஸ்’ அடித்து, பிபி என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் போதும்.

அனுப்பும்முன்

கோரிலும் முழு டம்பிலும் அந்த நொடியில் நினைவகத்தில் இருந்த எல்லாமே இருக்கும்: கடவுச்சொல், லாகின் டோக்கன், திறந்திருந்த ஆவணம். பொதுவெளியில் யாரும் இறக்கக்கூடிய இடத்தில் ஒருபோதும் இணைக்காதீர்கள். டெவலப்பர் கேட்டால் மட்டும், தனி வழியில், அழுத்தி அனுப்புங்கள். பேக்ட்ரேஸும் முழுக்கப் பாதுகாப்பானதல்ல. ‘ஃபுல்’ கொடுத்தால் உள்ளூர் மாறிகளில் ஃபைல் பாதை, பயனர் பெயர், சில சமயம் உரையே வந்துவிடும். ஒருமுறை முழுதாகப் படியுங்கள். மறைக்க வேண்டியதை அழிக்காமல் அதே நீளத்துக்கு வேறு எழுத்தை இட்டு நிரப்புங்கள், ஏனென்றால் சரத்தின் நீளமே பிழைக்குக் காரணமாக இருக்கலாம். சூழல் மாறிகளை மொத்தமாக ஒட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ரகசியச் சாவிகள் அதில்தான் அதிகம் கசிகின்றன.

ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், டெக்ஸ்ட் ஃபைலாக இணையுங்கள். படத்திலிருந்து ஃபங்ஷன் பெயரைத் தேட முடியாது. பேக்ட்ரேஸில் முக்கியமில்லை என்று உங்களுக்குத் தோன்றும் த்ரெட்களை வெட்டாதீர்கள். விழவைக்கும் வழியை ஒவ்வொரு அடியாக எழுதுங்கள். பத்துக்குப் பத்து விழுகிறதா, பத்துக்கு ஒன்றா என்பதையும் சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில் எந்தப் படம் என்பது முக்கியம். அதைப் பகிர முடியாவிட்டால் அதே அகலம் உயரத்தில் வெற்றுப் படம் ஒன்றை உருவாக்கித் திறந்து பாருங்கள். அதிலும் விழுந்தால் அதையே இணைக்கலாம். விழாவிட்டால் அளவு மட்டும் காரணமில்லை என்ற செய்தியே டெவலப்பரின் தேடலைப் பாதியாகக் குறைக்கும். இரண்டு சிஸ்டத்திலும் விழுகிறது என்பதால் லினக்ஸ் பேக்ட்ரேஸையும் விண்டோஸ் டம்பையும் ஒரே அறிக்கையில் போடுங்கள். 0-ஆம் ஃப்ரேம் இரண்டிலும் வேறாக இருந்தால், அவை இரு வேறு பக் ஆக இருக்கலாம் என்று அறிக்கையிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.